தோள் அகலம்

“இன்னும் ஒரு வாய், அப்பா. ஒரே ஒரு வாய்” என்று லரீசா தேக்கரண்டியை அப்பாவின் உதடுகளுக்கு நடுவே நுழைத்தாள். செர்ரிப் பழத்தைக் காய்ச்சிய நீர். பாதி உள்ளே போயிற்று, பாதி தாடை வழியாக வழிந்து தலையணை உறையில் இறங்கியது. துடைத்துவிட்டு மறுபடி முகந்தபோது வெனியமின் பல்லைக் கடித்துக்கொண்டார். நேற்றுவரை எதைக் கொடுத்தாலும் வாயைத் திறந்த மனிதர், இன்று பார்த்து அடம்.

“டப்பாவ எடு.”

“எந்த டப்பா?”

“பிஸ்கட் டப்பா. அலமாரில இருக்குல்ல.”

“அப்புறம் எடுத்துத் தரேன். முதல்ல இதைக் குடிங்க.”

எந்த டப்பா என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். பென்சில் துண்டுகள், அழிப்பான்கள், முனை தேய்ந்த காம்பஸ், எல்லாவற்றுக்கும் நடுவில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு அட்டை மனிதன். மகன் ரோதிக்கைப் புதைத்த நாளிலிருந்து லரீசா அந்த டப்பாவைத் தொட்டதில்லை. தூசி துடைக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் துணி போகும்.

வெனியமின் வாழ்நாள் முழுக்க வரைந்தது ஒரே வகைப் படகு. ஆற்றிலும் கரையோரக் கடலிலும் சண்டை போடுகிற சின்னக் கவசப் படகு. மூக்கில் ஒரு பீரங்கி, நடுவில் இரும்புப் பெட்டி மாதிரி ஒரு அறை. பெரிய கப்பல் வரைகிறவர்கள் அவரைப் பார்த்து “குளியல் தொட்டி எப்படி இருக்கு?” என்று கேலி பேசுவார்கள். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். உங்கள் கப்பலில் ஒரு டன் எடையை எங்கேயாவது ஒளித்துவிடலாம், என் படகில் ஒரு வாளியைக்கூட ஒளிக்க முடியாது என்பார். அவர் சொன்னதில் பொய்யில்லை. இரும்பைத் தடிப்பாக்கினால் படகு அமிழ்ந்து மணலில் தட்டும். மெல்லியதாக்கினால் துப்பாக்கிக் குண்டே துளைத்துவிடும். கடற்படை அதிகாரிகளுக்கு இரும்பும் தடிப்பாக வேண்டும், இடுப்பளவுத் தண்ணீரில் மிதக்கவும் வேண்டும். வெனியமின் ராத்திரிச் சாப்பாட்டில் ரொட்டியைக் கடித்துக்கொண்டே அவர்களைக் கரித்துக்கொட்டுவார்.

உள்ளே ஆள் நுழைய முடியுமா, குனிய முடியுமா, ஏறி வெளியே வர முடியுமா என்று பார்க்க வரைபட அறையில் ஒரு அட்டை மனிதன் உண்டு. கை, கால், இடுப்பெல்லாம் நூல் கோத்து மடங்கும். அது பழைய காலத்துக் கட்டையான ஆள். “இப்ப வர்ற பசங்க தென்னை மரமாட்டம் வளர்றானுங்க” என்று ஒரு கோடையில், தென்னையைப் படத்தில் மட்டுமே பார்த்த மனிதர், பேரன் ரோதிக்கைக் கூடத்துத் தரையில் பழுப்புத் தாள் விரித்துப் படுக்கவைத்தார். பள்ளி முடித்திருந்த பையன். அரைக்கால் சட்டை தவிர உடம்பில் பொட்டுத் துணி இல்லை. அவர் பென்சிலால் உடம்பைச் சுற்றிக் கோடு போட, அவன் நெளிந்து நெளிந்து சிரித்தான்.

“தாத்தா, கூசுது!”

“அசையாதடா கழுதை. நீ நெளிஞ்சா என் படகு நெளியும்.”

அந்தக் கோட்டைச் சுருக்கி வெட்டியதுதான் இந்த அட்டை மனிதன். வீட்டில் அவனுக்குச் சின்ன ரோதிக் என்று பெயர். வரைபடத்தின் ஒவ்வொரு கதவிலும் அவனை நுழைத்துப் பார்த்தார்கள். என்ஜின் அறையிலிருந்து மேலே தப்பி வருகிற திறப்பில் அவன் தோள் ஒரு நகத்தின் அகலத்துக்கு இடம் விட்டுத் தாராளமாகப் போயிற்று. போகிறானே, அப்புறம் எதற்கு அகலம்? கவசத்தில் ஓட்டை சின்னதாக இருந்தால் எடையும் மிச்சம். வெனியமின் திறப்பைக் குறுக்கினார். அட்டை மனிதனுக்கு ஒரு சட்டை போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அலுவலகத்தில் யாருக்கும் தோன்றவில்லை. படகே கவசம். கவசத்துக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு இன்னொரு கவசம் எதற்கு?

அந்தப் படகிலேயே ரோதிக் மெக்கானிக்காகப் போனான். தாத்தா மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி அதைச் சொன்னார்.

போர் வந்தது. வானத்திலிருந்து விழுகிற குண்டுகளுக்குப் பயந்து, கீழே என்ஜின் அறையில் இருப்பவர்களும் கவசச் சட்டை போட்டே ஆகவேண்டும் என்று உத்தரவு வந்தது. போன வருஷம் வசந்தத்தில், கழிமுகத்தில், படகு தீப்பிடித்தது. திறப்பின் மூடி நன்றாகவே திறந்தது. ரோதிக்கின் தலை வந்தது, ஒரு கை வந்தது, தோள் வரவில்லை. மேலே இருந்து இழுத்தவன் அவன் கூட்டாளி ஓஸ்தாப். சட்டையின் ஒரு பக்கத்துப் பட்டையை ரோதிக் கழற்றிவிட்டிருந்தான், மறுபக்கம் கழற்ற நேரமில்லை என்று கல்லறைத் தோட்டத்தில், கட்டுப்போட்ட கையோடு நின்று ஓஸ்தாப் லரீசாவிடம் சொன்னான். “இதை என் அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதப்பா” என்று அவள் அவனிடம் கேட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து வெனியமின் விடிந்தால் ஒரே கேள்வி. அந்த மூடி திறந்துச்சாம்மா? லரீசாவுக்கும் விடிந்தால் ஒரே பதில். தெரியலப்பா. சொன்னால் கிழவர் செத்துப்போவார் என்று நினைத்துத்தான் அவள் சொல்லாமல் இருந்தாள். அது முழு உண்மையும் அல்ல. தெரியாமலே தவிக்கட்டும் என்கிற வஞ்சமும் அதில் இருந்தது. அவருடைய கால் நகங்களை வெட்டும்போதும், முதுகில் புண் வராமல் புரட்டிப் போடும்போதும், நீதான், உன் கைதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே செய்திருக்கிறாள். செய்ததில் ஒரு குறையும் வைத்ததில்லை.

தேக்கரண்டியை அவள் கிண்ணத்தில் போட்டாள். வெனியமின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“லரீசா. அந்த மூடி திறந்துச்சா?”

குரல் காற்றாகத்தான் வந்தது. நாளைக்கு இந்தக் கேள்வி இருக்காது என்று அவளுக்குச் சட்டென்று புரிந்தது. ஒன்றரை வருஷ வஞ்சம் அந்த நிமிஷத்தில் எங்கே போயிற்றோ.

“திறந்துச்சுப்பா. நல்லாத் திறந்துச்சு. அவன் வெளிய வந்துட்டான். வெளிய வந்தப்புறம்தான் அடிபட்டுச்சு. படகால ஒண்ணும் இல்லப்பா.”

“வெளிய வந்துட்டானா?”

“வந்துட்டான்.”

அவர் வெகுநேரம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்க முயன்று, போர்வைமேல் ஒரு விரலை மட்டும் அசைத்தார். “நீ நல்ல பொண்ணு” என்றார். அவ்வளவுதான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு ஸினா கதவைத் தட்டினாள். குழாயில் வருகிற உப்புத் தண்ணீரில் கஞ்சிகூட வைக்க முடியாது. ஸினாவை அப்பாவிடம் உட்காரவைத்துவிட்டு லரீசா கேன்களோடு இறங்கினாள். வரிசை நீளம். நடுவில் சைரன் ஊதியது, யாரும் வரிசையை விட்டு நகரவில்லை. அவளுக்கு மனசு லேசாக இருந்தது. கடைசியில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். நிறைந்த கேன்களை மாடிக்குத் தூக்கி வந்து கதவைத் தள்ளியபோது, சாவு விழுந்த வீட்டில் செய்வதுபோல, கூடத்துக் கண்ணாடிமேல் படுக்கை விரிப்பு ஒன்று போர்த்தியிருந்தது.

“இப்பத்தான்டி” என்றாள் ஸினா. “கஷ்டப்படல. டப்பா, டப்பானு ஏதோ கேட்டார். நான் மாத்திரை டப்பாவ எடுத்துக் கொடுத்தேன். கையில வெச்சுப் பார்த்துட்டு, இது இல்லனு தள்ளிவிட்டுட்டார் பாவம்.”

லரீசா கேன்களைக் கீழே வைத்தாள். ஒன்றின் மூடி சரியாக மூடவில்லை, தண்ணீர் தரையில் ஓடியது. இரண்டு பேரும் அதைத் துடைக்கவில்லை.

அடக்கத்தன்று சவப்பெட்டி கூடத்தில் இரண்டு முக்காலிகள்மேல் இருந்தது. வரைபட அறையில் கூட வேலை செய்த கிழவர்கள் இரண்டிரண்டு பூவாக வைத்துவிட்டு, குளிர்கிற மாதிரி கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். அடுக்களையில் லரீசாவின் பக்கத்தில் ஸினா தேன் கலந்த கோதுமைச் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஓஸ்தாப் அங்கே வந்தான். ராணுவ உடுப்பு, வலது கையில் தோல் சுருங்கிப் பளபளத்தது. லரீசாவைக் கட்டியணைத்துக்கொண்டான்.

“சாப்பிட்டியாப்பா?”

“அப்புறம் சாப்பிடறேன்மா. கடைசில ரொம்பக் கஷ்டப்பட்டாரா?”

“இல்ல. நிம்மதியாப் போனார்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “ரோதிக் வெளிய வந்துட்டான்னு சொல்லிட்டேன். அதைக் கேட்டுட்டுத்தான் கண்ண மூடினார்.”

ஓஸ்தாப் தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

“என்னடா?”

“அம்மா, அவருக்குத் தெரியும்மா.”

“என்ன தெரியும்?”

“எல்லாம். போன இலையுதிர்காலத்துல எனக்குப் போன் பண்ணினார். நீங்க சொல்லக்கூடாதுனு சொன்னீங்க, நான் சொல்லவேண்டாம்னுதான் இருந்தேன். ஆனா அவர், மூடி திறந்துச்சானு கேக்கலம்மா. சட்டையோட தோள் அகலம் எவ்வளவுடானு கேட்டார். அதுக்கு மேல நான் என்னத்த மறைக்க? என் சட்டையை அளந்து சொன்னேன். முன்னாடி எவ்வளவு தடிப்பு, பின்னாடி எவ்வளவுனு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டார்.”

ஸினா கிளறுவதை நிறுத்திவிட்டாள்.

“அப்புறம் ஏன் தினமும் என்கிட்ட கேட்டார்? தெரிஞ்சுக்கிட்டே ஏன்டா கேட்டார்?”

“நானும் கேட்டேம்மா. ‘தாத்தா, அம்மாகிட்ட நீங்களே பேசிடுங்களேன்’னேன். ‘அவ சொல்லணும்டா’ன்னார். ‘அவ வாயால என்னைத் திட்டணும். திட்டிட்டான்னா அழுவா. அவ இன்னும் அழல’ன்னார்.”

கூடத்தில் பாதிரியாரின் குரல் ஓய்ந்தது. சவப்பெட்டியைத் தூக்க ஆள் கூப்பிட்டார்கள். அவர்கள் வழக்கப்படி ரத்த உறவு தூக்கக்கூடாது. ஓஸ்தாப் போய் முன்பக்கம் பிடித்தான். மாடிப்படித் திருப்பத்தில் பெட்டி கைப்பிடிச் சுவரில் இடித்தது. சாய்ங்க, இன்னும் சாய்ங்க என்று யாரோ சத்தம் போட்டார்கள். காலடிச் சத்தம் கீழே கீழே இறங்கிக்கொண்டே போயிற்று.

சாவு திரும்பி வந்து உட்காராமலிருக்க ஸினா இரண்டு முக்காலிகளையும் தரையில் கவிழ்த்துப் போட்டாள். வாளியில் துணியை முக்கிக்கொண்டே, “நீ போடி, வண்டி நிக்கும். நான் தரையைத் துடைச்சு வெக்கறேன்” என்றாள். லரீசா வாசல்வரை போய்த் திரும்பினாள். அப்பாவின் அறைக்குள் போய் அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்தாள்.

மூடி இறுகியிருந்தது. நெஞ்சோடு அணைத்து இழுத்ததில் பட்டென்று திறந்துகொண்டது. பென்சில் துண்டுகளுக்கு மேலே சின்ன ரோதிக் மல்லாந்து கிடந்தான். அவன் சட்டை போட்டிருந்தான். மார்பில் தடித்த அட்டை, முதுகில் தடித்த அட்டை, தோளுக்கு மேலே பட்டை, விலாவில் இரண்டு கொக்கிகள்கூடக் கூரிய பென்சிலால் வரைந்திருந்தது. வெட்டிய ஓரம் மட்டும் கோணல் மாணலாக இருந்தது. படுக்கையில் விழுவதற்கு முன்பே, அந்த வயதில், அந்த நடுங்குகிற கையால், அவள் தூங்கும்போதோ தண்ணீருக்குப் போனபோதோ உட்கார்ந்து வெட்டியிருக்கிறார். இதைத்தான் எடுக்கச் சொன்னார். அப்புறம் எடுத்துத் தரேன் என்று அவள் சொன்னது இதைத்தான்.

“லரீசாம்மா!” என்று கீழேயிருந்து ஓஸ்தாப் கூப்பிட்டான். “வண்டி காத்திட்டிருக்கு!”

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அட்டை மனிதனை மடியில் வைத்து, சட்டையின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். ஒரு பக்கம் பெயர்ந்து வந்தது. மறுபக்கம் நல்ல பசை போட்டு ஒட்டியிருந்தார்; அசையவில்லை. கீழே வண்டியின் ஹாரன் ஒருமுறை ஒலித்தது. லரீசா நகத்தை மறுபடி உள்ளே கொடுத்தாள்.