மருந்து படாத வயல்

“ரெண்டு மழை பெய்தால் மருந்தெல்லாம் கழுவுப்பட்டுப் போயிடும், பிள்ளை.”

“போகாது அண்ணை.”

“அப்ப இந்தத் தண்ணியை வெட்டி விடுவம். புதுசாக் கட்டுவம்.”

லக்சாயினி குனிந்து பார்த்தாள். வரம்போரத்துத் தண்ணீரில் மீன்குஞ்சுகள் வயிறு வெளுத்து மிதந்தன. பூச்சிமருந்து நெடி மூக்கில் ஏறியது. கணவன் சாரங்கனோடு மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை இருந்துவிட்டு, உடுப்பு எடுத்துப்போக அன்றுதான் கிளிவெட்டிக்கு வந்திருந்தாள். வீட்டைத் திறக்குமுன் வயலைப் பார்க்கச் சொல்லி அனுப்பியவன் அவன்தான்.

பக்கத்து வயல்காரர் குலசிங்கம் தோள் துவாயைக் கையில் பிசைந்துகொண்டு நின்றார்.

“என்ர வயலில அறக்கொட்டிப் பூச்சி விழுந்திட்டுது. மருந்தடிக்கேக்க பாத்தன், உங்கட பக்கமும் ஏறுது. நீங்கள் அங்க கிடந்து சீரழியிறியள். இதுவும் போச்செண்டால் அந்தப் பெடியன் தாங்குவானோ? அதுதான் உங்கடதுக்கும் சேத்து அடிச்சனான்.”

அவரைக் கோபிக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. ‘பூச்சிக்கு அன்னதானம் போடுறான்’ என்று இதே வரம்பில் நின்று, மருந்தே அடிக்காத சாரங்கனைப் பகிடி பண்ணியவர் அவர். பூச்சிக்கு வேப்பங்கொட்டை இடித்துத் தெளிக்கத் தன் வீட்டு உரலை உருட்டிவந்து தந்தவரும் அவரேதான்.

மருந்தை விட்ட முதல் போகத்தில் பாதி நெல் மணியில்லாச் சப்பியாய்ப் போனது. அடுத்த மாரியில் ஓர் அந்தியில் சாரங்கன் குசினிக்குள் ஓடிவந்து, உலையில் அரிசி போடப்போன அவளைக் கையில் பிடித்து வயலுக்கு இழுத்துப் போனான். வயல் முழுக்கத் தவளைச் சத்தம்.

“கேளும், லச்சு. எங்கட ஆக்கள் திரும்பி வந்திட்டினம்.”

மூன்று வருஷம் மருந்து படாமல் இருந்தால்தான் சுத்தமான வயல் என்று சான்று தருவார்கள். இந்த அறுவடையோடு அது நிறைவேற இருந்தது. இனி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குச் சாரங்கனுக்குக் காலமில்லை என்று டாக்டர் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

போன் அடித்தது.

“வயலடியிலயோ நிக்கிறீர்?” அவன் குரல் மெலிந்திருந்தாலும் சிரிப்பு இருந்தது.

“ஓம்.”

“பயிர் எப்பிடி?”

“பச்சையா நிக்குது.” அது பொய்யில்லை.

“தவளைச் சத்தம் ஒண்டையும் காணேல்லை?”

போனில் கேட்டது குலசிங்கத்தின் காதிலும் விழுந்தது; அவள் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கும் விளங்கியது. துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். வெயில் எப்போதோ இறங்கிவிட்டது. வயல் ஒரு சத்தமும் இல்லாமல் கிடந்தது.

“இன்னும்... இருட்டேல்லை,” என்றாள்.

“இருட்டட்டும். நான் போனைக் கட் பண்ணேல்லை, இப்பிடியே இருக்கிறன். பக்கத்துக் கட்டில் மாமா நம்புறாரில்லை, தவளைக்கெல்லாம் ஒருத்தன் பெருமைப்படுவானோ எண்டு கேக்கிறார். அவருக்கும் கேக்கட்டும். போனை வரம்பில வையும், லச்சு.”