மூடி திறக்கும் உயரம்

ஏழு தொட்டிகளை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. முதலாளி கார் கதவைப் பிடித்துக்கொண்டு, கிளம்பும் அவசரத்தில் அதைச் சொன்னார். கட்டட உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் குப்பைக்கும் மறுசுழற்சிக்கும் தனி இடம் ஒதுக்கி, வரைபடத்தில் காட்டி, அடுத்த மாதம் வரும் அதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஐந்து மாடி, பதினோரு அலுவலகம். பரப்பளவை வைத்து அவர்கள் போடும் கணக்கில் ஏழு சக்கரத் தொட்டிகள் வந்தன. "நீங்க பாத்துக்கோங்க" என்றார். நான் இந்தக் கட்டடத்தின் பராமரிப்பு மேலாளர். இருபது வருடமாகப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

இடம் தேடத் தொடங்கிய பிறகு, இருபது வருடமாக எதைப் பார்த்தேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வரைபடத்தில் கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது. பின்புறச் சந்தில் குப்பை லாரி திரும்பாது. கீழ்த்தளத்தில் இடம் உண்டு, ஆனால் நிரம்பிய தொட்டியைச் சரிவில் மேலே இழுத்து வர இரண்டு ஆள் வேண்டும், எங்களுக்கு இருப்பது ஒரே ஆள். அந்த ஒரே ஆள்தான் துப்புரவு அக்கா. என்னைவிட வயதில் மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

தரைத்தளத்தில் படிக்கட்டுக்குப் பின்னால் எட்டுக்குப் பத்தில் ஒரு அறை உண்டு. வரைபடத்தில் 'காலி' என்று எழுதியிருந்தது. அக்கா அங்கேதான் உடை மாற்றுவாள், மதியம் சாப்பிடுவாள், அரை மணி நேரம் கால் நீட்டிப் படுப்பாள். அந்தச் சதுரத்தின் மேல் என் விரல் வரும்போதெல்லாம் வேறு பக்கம் நகர்த்திக்கொண்டேன்.

கடைசியில் ஒரு இடம் அகப்பட்டது. கார்கள் கீழ்த்தளத்துக்கு இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில், முதல் மாடிக்கு ஏறும் சரிவுப் பாதைக்கு அடியில், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு நீளம். தொட்டியின் உயரம் மூன்றரை அடி. கூரை ஒரு முனையில் ஆறரை அடி, மறுமுனையில் நாலு. ஏழும் வரிசையாக நிற்கும். சாக்பீஸால் ஏழு கட்டம் போட்டேன். முதலாளி வந்து பார்த்து, "அடேங்கப்பா, மூளை இருக்கே" என்றார். அன்று வீட்டுக்கு நடந்தே போனேன்.

இரண்டு நாள் கழித்து மாதிரிக்கு ஒரு தொட்டி வந்தது. அக்கா அதை ஐந்தாவது கட்டத்தில் தள்ளி நிறுத்தி மூடியைத் தூக்கினாள். மூடி பாதி எழுந்து கான்கிரீட்டில் இடித்து நின்றது. நான் மூடிய தொட்டியைத்தான் அளந்திருந்தேன்.

"மூடி வச்சா குப்பை எப்படி சார் உள்ள போகும்?" என்று கேட்டாள். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

மூடி முழுதாகத் திறக்க ஐந்து அடி வேண்டும். அது நாலு கட்டம் வரைதான் இருந்தது. மீதி மூன்று எங்கே?

மாலையில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, சோப்பு அட்டைப்பெட்டியை வெட்டி ஏழு துண்டுகள் செய்து நகர்த்திக்கொண்டிருந்தேன். மனைவி தட்டு வைக்க இடமில்லாமல் நின்றாள். நம் வீட்டில் ஒரு குப்பைக்கூடைக்கே இடம் காணோம், இவர் ஏழுக்குத் தேடுகிறார் என்று மகளிடம் சொன்னாள். பிறகு குனிந்து பார்த்து, துண்டுகளை அந்தக் 'காலி' சதுரத்துக்குள் வைத்தாள். ஒரு பக்கம் நாலு, எதிர்ப்பக்கம் மூன்று, நடுவே ஆள் நடக்க வழி. அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

"இங்கதான் வருதே. என்ன யோசிக்கிறீங்க?"

அந்த அறை யாருடையது என்று சொன்னேன். அவள் துண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். நாங்கள் மூவரும் மேசையின் ஓரத்தில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம்.

மறுநாள் அறையை அளக்கப் போனேன். அளப்பதால் ஒன்றும் ஆகிவிடாது என்று சொல்லிக்கொண்டேன். நாடாவின் மறுமுனையை அக்காவே பிடித்துக்கொண்டாள். பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தாள், ஆணியில் தொங்கிய சேலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். கோபப்படுவாள், குறைந்தபட்சம் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன்.

"காலி பண்ணிடறேன் சார். இந்தத் தாழ்ப்பாளை மட்டும் கழட்டிக் குடுத்துடுங்க. அது நான் வாங்கிப் போட்டது."

கதவின் உட்பக்கம் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் பளபளவென்று இருந்தது. கட்டடத்தில் எத்தனை தாழ்ப்பாள், எத்தனை பூட்டு என்று பட்டியல் வைத்திருப்பவன் நான். இது அதில் இல்லை.

அதன்பிறகு எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் நான் ஒரு பக்கம் நின்றிருப்பேன். அவள் சரி என்றதால் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. இரண்டு நாள் வரைபடத்தைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள், என் அறையில் மதியம் இருந்துகொள்ளுங்கள், நான் வெளியே போய்விடுகிறேன் என்று சொன்னேன். அவள் என் அறையைச் சுற்றிலும் பார்த்தாள். நாலு பக்கமும் கண்ணாடி.

"மீன்தொட்டியில நான் எப்படி சார் காலை நீட்டுறது?"

அதற்கு நானும் சிரித்தேன். ஆனாலும் அந்தத் தொட்டிக்குள் இருபது வருடமாக உட்கார்ந்திருப்பவன் நான்தான்.

அன்று அவளேதான் கேட்டாள், ஏழு எதற்கு என்று. பரப்பளவுக் கணக்கை விளக்கினேன். பரப்பளவா குப்பை போடுது, ஆளுங்கதானே போடுறாங்க என்றாள். அதிகாரிக்குத் தொலைபேசி செய்தேன். ஒரு வாரம் உண்மையான குப்பையை அளந்து, எழுதி, கையெழுத்துப் போட்டுத் தந்தால் அதையும் ஏற்கலாம் என்று ஒரு விதி இருப்பதாகச் சலிப்போடு சொன்னார். யாரும் அப்படிச் செய்வதில்லையாம்.

நாங்கள் செய்தோம். தினமும் காலையில் பைகளைத் திறந்து பிரித்தோம். மூன்றாம் மாடியில் கைப்பை விற்பவர்களின் அட்டைப்பெட்டிகள் பிரிக்காமல் அப்படியே வந்தன. ஒன்றுக்குள் ஒன்று செருகாத காகிதக் கோப்பைகள், இரண்டே தாளோடு கட்டிய பெரிய பைகள். அக்கா பெட்டிகளின் மேல் ஏறி நின்று மிதித்தாள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.

"எல்லாம் காத்து சார்" என்றாள் மூச்சு வாங்கியபடி. "இத்தனை வருஷமா நான் காத்தைச் சுமந்திருக்கேன்."

நசுக்கிப் போட்டால் ஐந்து தொட்டிதான் வந்தது. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன், நாலாக்க முடியுமா என்று. முடியவில்லை. ஐந்துதான்.

நாலு சரிவுக்கு அடியில். ஐந்தாவதுக்கு அந்த அறையைத் தவிர வேறு இடமில்லை. அதில் காகிதம் மட்டும் போடுவது என்று முடிவு செய்தோம். நாறாது, கசியாது. ஆனால் பதினோரு அலுவலகத்துக்காரர்களும் நினைத்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வருவார்கள். அதை நான் வரைந்து முடித்த பிறகுதான் யோசித்தேன். அவள் முன்பே யோசித்திருக்கிறாள். ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை பேப்பர் போடக்கூடாது என்று எழுதி ஒட்டினால் போதும் என்றாள். நான் அதை வரைபடத்திலேயே எழுதினேன்.

அதிகாரி வந்தார். சரிவுக்கு அடியில் நாலு மூடிகளையும் தானே தூக்கிப் பார்த்தார். ஒரு வாரக் கணக்கைப் புரட்டினார். படிக்கட்டுக்குப் பின்னால் வந்து, கையிலிருந்த வரைபடத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேப்பருக்கு எதுக்குய்யா லஞ்ச் டைம்?"

முதலாளி என்னைப் பார்த்தார். சொல்வதற்கு ஒரு தொழில்முறைக் காரணம் தேடினேன். தூசி, காற்றோட்டம், எடை. எதுவும் காகிதத்துக்குப் பொருந்தவில்லை. அதிகாரியின் பார்வை அறைக்குள் சுருட்டி வைத்த பாய், ஆணி, தாழ்ப்பாள் என்று நகர்ந்து, துடைப்பத்தோடு ஓரமாக நின்ற அக்காவிடம் வந்து நின்றது. பிறகு பேனாவை உதறி, அந்த வரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு டிக் போட்டு, கீழே கையெழுத்திட்டார்.

இது நல்லபடியாக முடிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எட்டுக்குப் பத்து அறையில் அவளோடு இப்போது ஒரு தொட்டியும் சேர்ந்து குடியிருக்கிறது.

போன வாரம் மேசையைச் சுத்தம் செய்தபோது பழைய வரைபடங்கள் கிடைத்தன, ஏழு கட்டம் போட்டவை. காகிதத் தொட்டியில் போடச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய், படிக்கட்டுக்குப் பின்னால் இருந்த கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஒன்று பத்து. அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்து, கண்ணாடிக்குள் உட்கார்ந்து, இரண்டு மணி ஆகட்டும் என்று காத்திருந்தேன்.