ஒரு டம்ளர் அரிசி

நேற்று ஒரு டம்ளர் அரிசி மட்டும் உலையில் போட்டதற்காக என்னைப் பல்லாவரத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

நான் ஓர் ஆட்டத்தில் வரும் பாத்திரம். என்னை ஆடுகிறவர் அங்கேதான் இருக்கிறார். பெயர் ஞானசிகாமணி. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்ட மேசையில் உட்கார்ந்து, நான் என்ன செய்கிறேன் என்று சொல்வார். நான் அதைச் செய்வேன். அவருக்குத் தெரிந்ததெல்லாம் எனக்குத் தெரிந்துவிடக் கூடாது. அது விதி. எனக்கு எது தெரியலாம் என்பதைப் பகடை முடிவு செய்யும்.

இரண்டாவது மாடி. ஏறினேன். முதல் மாடியே திரும்பத் திரும்ப வந்தது. அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண், நான் இன்னும் கவனிக்கவில்லை, அதுதான் காரணம் என்றாள். எதை என்று கேட்டேன். அவள் சொல்லிவிட்டால் நான் கவனித்ததாக ஆகாதாம். கவனித்துப் பார்த்தேன். சுவர் இருந்த இடத்தில் படி இருந்தது.

ஆட்டத்தை நடத்துகிறவள் பிரமிளா. முன்னால் ஓர் அட்டைத் தடுப்பை நிறுத்தி வைத்திருந்தாள். நடந்ததும் நடக்கப்போவதும் அதற்குப் பின்னால் இருந்தன. எனக்கு அவள் மூக்குக் கண்ணாடி மட்டும் தெரிந்தது.

எதிரில் ஞானசிகாமணி. இப்போதுதான் அவரை முதல் தடவையாகப் பார்க்கிறேன். என்னைவிடக் குள்ளம். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"வீட்ல எத்தனை பேரு சார்?" என்று பிரமிளா என்னைக் கேட்டாள்.

"ரெண்டு பேரு. நானும் என் சம்சாரம் வனஜாவும்."

"அப்ப எத்தனை டம்ளர் போடணும்?"

"ரெண்டு."

"நேத்து ஏன் ஒண்ணு போட்டீங்க?"

யோசித்தேன். கை அப்படி அளந்துவிட்டது. இன்னொரு டம்ளர் எடுக்கப் போய், டப்பாவை மூடிவிட்டது. காரணம் எதுவும் எனக்கு அகப்படவில்லை. அதைத்தான் சொன்னேன்.

வனஜா எங்கே என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனவள் இன்னும் வரவில்லை என்றேன். நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் என்னைத் தனியாக அழைத்து வெகுநேரம் பேசினார். அன்று பகடை எனக்குச் சாதகமாக விழவில்லை. அதனால் அவர் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன். பிறகு வீட்டு வாசலில் ஷாமியானா போட்டார்கள். நிறையப் பேர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வனஜா இருந்திருந்தால் எல்லோருக்கும் காபி போட்டிருப்பாள்.

"சுவத்துல என்ன மாட்டியிருக்கு?"

"வனஜா படம்."

"மாலை போட்டிருக்கா?"

"போட்டிருக்கு. நல்லா இருக்கு."

பிரமிளா ஞானசிகாமணியின் பக்கம் திரும்பினாள். "பாருங்க, அவருக்குத் தெரியல. உங்களுக்குத்தான் தெரியும். உங்களுக்குத் தெரிஞ்சதை வெச்சு அவரை ஆடிட்டீங்க."

"ரெண்டு டம்ளர்னு சொல்ல எனக்கு வாய் வரலம்மா," என்றார் அவர்.

இதை விட்டுவிட்டால் நாளைக்கு என் கை அவளுடைய புடவைகளை மடித்துக் கட்டி வைக்கும், அடுத்த நாள் வாசல் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிடுவேன், பிறகு பகடை எதற்கு என்று பிரமிளா கேட்டாள். நியாயமாகத்தான் பட்டது. என்னால் ஒரு பெரியவர் பேச்சு வாங்குகிறாரே என்றும் இருந்தது.

அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரிய வழி உண்டா என்று கேட்டேன். உண்டு என்றாள். இருபது முகப் பகடை. பதினைந்தோ அதற்கு மேலோ விழுந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

ஞானசிகாமணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்றார். பிறகு அவரே பகடையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். இரண்டில் எது அவருக்கு வேண்டும் என்று விளங்கவில்லை.

உருட்டினேன். மேசை நீண்டுகொண்டே போனது. பகடை மிக்சர் தட்டைத் தாண்டி, தண்ணீர்ச் செம்பைத் தாண்டி உருண்டது. பார்க்க நான் நடந்துபோக வேண்டியிருந்தது. போகப் போக ஏதோ வந்தது. டெட்டால் வாசனை. ஒரு நர்ஸ் என் கையில் வைத்த சின்னக் கவர். அதற்குள் மெட்டிகள். வனஜா மெட்டியைக் கழற்றவே மாட்டாளே என்று நினைக்கத் தொடங்கினேன்.

பகடை நின்றது. நான்கு.

என்ன நினைக்கத் தொடங்கினேன் என்பது போய்விட்டது. எனக்குத் தெரியாது என்று பிரமிளா அறிவித்தாள். தடுப்பை மடக்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞானசிகாமணி மேசையில் தலை கவிழ்ந்து அழுதார். வயதானவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதுகைத் தடவிக்கொடுத்தேன். யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"நான் ஆடுற ஆளோட சம்சாரம்," என்றார். "போயிட்டாங்க."

எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த ஆளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். இன்னும் தெரியாது என்றார்.

"அவரு கூட யாராவது இருக்கணுமே சார்," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்து, கதவோரம் கிடந்த செருப்பைப் போட்டுக்கொண்டு என்னோடு இறங்கினார். இந்த முறை மாடிகள் சரியாக வந்தன.

பஸ்ஸில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. அந்த ஆளுடைய வீடு எங்கே என்று கேட்டேன். கீழ்க்கட்டளை என்றார்.

"எனக்கும் அங்கதான்," என்றேன். "சேர்ந்தே போகலாம்."