செருப்பு போறும்

கங்கா வீட்டில் அதிகம் பேசமாட்டாள். டிவியோடு பேசுவாள். படத்தில் ஒரு பெண் இருட்டான மாடிப்படியில் ஏறினால், “விளக்கைப் போட்டுண்டு போயேண்டி” என்பாள். புதிதாக வந்த மாப்பிள்ளை அளவுக்கு மீறிச் சிரித்தால், “இவன் சரியில்லை” என்பாள். மடியில் முறமும் கையில் பீன்ஸுமாக, பாதி நேரம் தலையை நிமிர்த்தாமலேயே சொல்வாள். அவள் கணவர் விஸ்வேஸ்வரன் லாரி மோதி இறந்த பிறகு தொடங்கிய பழக்கம் அது. மகன் ஸ்ரீநாத் அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு யாரைப் பிடிக்கும், எது பயம், எதற்குச் சிரிப்பாள் என்பதையெல்லாம் அவன் டிவி முன்னால் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டான். நேரே கேட்டால், “ஒண்ணுமில்லை, போய்க் குளி” என்று முடித்துவிடுவாள்.

‘ஒன்பதாம் கடவு’ என்ற மலையாளக் குற்றத் தொடரின் முதல் சீசன் வந்தபோது, அவர்கள் இருந்த கொச்சி மட்டாஞ்சேரியில் அதைப் பார்க்காத வீடுகள் குறைவு. பஜார் ரோட்டு மிளகுக் கிடங்குகளில்தான் பாதிப் படப்பிடிப்பு. எந்தக் காட்சியில் யாருடைய ஸ்கூட்டர் நிற்கிறது என்பதுவரை ஊரில் பேசிக்கொண்டார்கள். எர்ணாகுளத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஸ்ரீநாத், தொடரைப் பார்க்கும் தன் முகத்தைப் படம்பிடித்துத் தன் யூடியூப் சானலில் போட்டுவந்தான். நண்பர்களைத் தவிர யாரும் பார்க்கவில்லை. ஒருமுறை பின்னாலிருந்து அம்மாவின் குரல் அதில் பதிவாகிவிட்டது.

“டிரைவர்தான் கொன்னிருக்கான். கதவைச் சாத்திட்டு ஏன் கையைத் தொடைச்சுக்கறான்?”

கடைசி எபிசோடில் டிரைவர்தான் கொலைகாரன். அதன் பிறகு ஸ்ரீநாத்தின் முகத்தை யாரும் சட்டை செய்யவில்லை. அந்த அம்மாவைக் காட்டு என்று எழுதினார்கள். அவன் அம்மாவிடம் சொன்னான்.

“கொரல் வந்தா வந்துட்டுப் போறது. என் மூஞ்சி வேண்டாம் கேட்டியா” என்றாள் கங்கா.

இரண்டாவது சீசன் வருவதற்குள் அம்மாவைக் கேட்பவர்கள் நிறையப் பேர் ஆகிவிட்டார்கள். தொடர் வெளியான வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் டிவியைப் போட்டான். தன் போனை வழக்கம்போல ஸ்டூலில் தன்னைப் பார்க்க வைத்தான். பழைய போன் ஒன்றை செட்டாப் பாக்ஸுக்குப் பக்கத்தில், பூச்சாடிக்குப் பின்னால், அம்மா உட்காரும் நாற்காலியைப் பார்க்கச் சாய்த்துவைத்தான். கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.

முதல் எபிசோட் மெதுவாக நகர்ந்தது. போன சீசன் இன்ஸ்பெக்டருக்குப் பதிலாக வேறொரு நடிகர் வந்திருந்தார். “இவன் போலீஸா? பாங்குல லோன் தரவன் மாதிரி இருக்கான்” என்றாள் கங்கா. ஸ்ரீநாத் சிரித்தான். இது ஓடும் என்று அப்போதே தெரிந்தது.

பாதிக்கு மேல், காணாமல் போனவனின் மனைவியைப் பிணவறைக்கு அழைத்துப்போகும் காட்சி. நீளமான தாழ்வாரம், இரும்புக் கட்டில், வெள்ளைத் துணி. போலீஸ்காரர் துணியின் ஓரத்தைப் பிடிக்கிறார்.

“துணியை எடுக்க விடாதே” என்றாள் கங்கா. “செருப்பைக் காட்டச் சொல்லு. செருப்பு போறும்.”

ஸ்ரீநாத் ஸ்டூலில் இருந்த போனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். திரையில் அந்தப் பெண் அலறினாள்.

அன்று சாயங்காலமே இரண்டு பதிவுகளையும் வெட்டி ஒட்டினான். அம்மா வீட்டில் பேசும் தமிழ் பார்ப்பவர்களுக்கு முழுவதும் புரியாது என்பதால் ஒவ்வொரு வரிக்கும் கீழே மலையாளத்தில் எழுத்துப் போட்டான். தமிழை அவன் பேசுவான். எழுத்து வேலையெல்லாம் அவனுக்கு மலையாளத்தில்தான். லோன் வரிக்கு ஒரு சிரிப்பு முகம். செருப்பு வரிக்கு இரண்டு சிரிப்பு முகம், பின்னணியில் கேலியாக ஒரு குழல் சத்தம். தலைப்பில் ‘டிடெக்டிவ் அம்மா வந்தாச்சு’ என்று வைத்தான்.

திங்கட்கிழமை தோப்பும்படி பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது கருத்துகளைப் படித்துக்கொண்டே போனான். முதல் சீசன் வேகம் இதில் இல்லை என்று ஒருவர். புது இன்ஸ்பெக்டரிடம் நானும் லோன் கேட்கப்போகிறேன் என்று ஒருவர். தொடரை விட அம்மா மேல் என்று பலர். ‘செருப்பு போறும்’ என்பதைத் தனியே வெட்டி, பாட்டுச் சேர்த்து, வேறு யாரோ பரப்பியிருந்தார்கள். செருப்புக் கடை விளம்பரம் மாதிரி ஒன்றுகூட வந்திருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் நின்றிருந்தவன் போனிலும் அம்மாவின் குரல் கேட்டது. ஸ்ரீநாத்துக்கு அது தன் அம்மா என்று சொல்லவேண்டும் போல இருந்தது.

கருத்துகளில் இன்னும் கீழே ஒரு பெண் எழுதியிருந்ததைப் பார்த்தான். ‘தம்பி, இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. நான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். அந்த அறைக்குள் போய் வந்தவர்கள்தான் இப்படிச் சொல்வார்கள். அந்த நேரத்தில் உன் அம்மாவின் கையைப் பார்.’

அவன் வீடியோவைப் பின்னால் தள்ளிப் பார்த்தான். அந்தக் காட்சி தொடங்கியதும் கங்கா கையிலிருந்த பீன்ஸை ஒடிக்கிறாள். ஒடித்ததை மறுபடி ஒடிக்கிறாள். நகத்தால் கிள்ளமுடியாத அளவு பொடியான பிறகும் விரல்கள் நிற்கவில்லை. வெட்டி ஒட்டும்போது அவன் இதைப் பலமுறை பார்த்திருக்கிறான். அவன் கண் முழுக்கக் கீழே போடவேண்டிய எழுத்தின் மேல் இருந்தது.

அவனுக்குத் தெரிந்த கதை வேறு. அப்பாவை ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்டியது அம்மாவின் அண்ணன் ராமபத்ரன். அம்மா முகத்தைப் பார்க்கவே இல்லை. வருஷா வருஷம் திதிக்கு வருகிறவர்கள் இதை ஒருமுறையாவது சொல்வார்கள். அந்த முகத்தைப் பார்த்துத் தாங்கிக்கொண்ட மனுஷன் என்று ராமபத்ரனுக்கு உறவில் ஒரு மரியாதை உண்டு. அவர் அப்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வார்.

ஆலுவாவில் இருக்கும் அக்கா ஸாதனாவுக்குப் போன் செய்தான்.

“இப்போவாவது கேட்டியே” என்றாள் அவள். “மாமா உள்ளே போகலைடா. வாசல் வரைக்கும் வந்தார். கால் வரலை, அப்படியே உக்காந்துட்டார். அம்மாதான் போனா.”

“நோக்கு எப்படித் தெரியும்?”

“நான் வண்டியில இருந்தேனே. நீ சுள்ளிக்கல்ல அத்தை ஆத்துல கேரம் ஆடிண்டிருந்தே. அப்பா செருப்பை வெளியிலயே ஒரு பேப்பர் மேல வெச்சிருந்தா. இடது வார் அறுந்து தெச்சது. அதைப் பாத்தப்போவே அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. முகத்தையும் பாக்கணும்னு போலீஸ்காரா சொல்லிட்டா. அதான் நியமமாம், சட்டமாம்.”

“மாமாதான் பாத்தார்னு எல்லாரும்...”

“அம்மா சொல்லச் சொன்னா. வண்டியில வரச்சே, ‘நீங்க பாத்தேள்னு பறஞ்சுடுங்கோண்ணா, என்னை யாரும் வந்து கேக்கமாட்டா’ன்னா. எல்லாரும் மாமாவைக் கேட்டா. மாமா ஆமான்னார். அவ்வளவுதான்.” கொஞ்சம் நிறுத்தி, “அதுக்குப் போய்ப் பீப்பி ஊதியிருக்கியேடா” என்றாள்.

ஸ்ரீநாத் வீடியோவை எடுத்துவிட்டான். பரப்பியவர்களிடம் இருந்ததை எடுக்க முடியவில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாட்கள் போயின. அவனுக்கு முன்னால் அங்கம்மாள் சொல்லிவிட்டாள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் காய்கறி விற்பவள்.

“யக்கா, ஒங்கள செல்லுல பாத்தேன். எம்மருமவ காட்டுனா” என்றாள், வெண்டைக்காயை நிறுத்துக்கொண்டே. “ஊரே சிரிக்கி. எனக்குச் சிரிப்பு வரல. எங்க வீட்டு ஆளு சாரத்துல இருந்து விழுந்தப்போ சட்டைய வச்சித்தான் நான் சொன்னேன். நீங்க சொன்னது நெசம்.”

கங்கா பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் பையைக் கீழே வைத்துவிட்டு, “என் மூஞ்சியைப் போட்டிருக்கியாமே” என்றாள்.

“எடுத்துட்டேம்மா. தப்புதான்.”

“காட்டு.”

அவன் தன் போனில் மிச்சமிருந்ததைக் காட்டினான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் பார்த்தாள். குழல் சத்தம் வந்த இடத்தில் அவன் தரையைப் பார்த்தான்.

“இவ்வளவு நரைச்சிருக்கு” என்றாள். பிறகு, “அண்ணா பாத்துட்டாரா?”

“தெரியலைம்மா. அக்கா எல்லாம் சொன்னா. நீ என்னண்டை சொல்லியிருக்கலாமே.”

“சீரியல்ல வந்தது, சொன்னேன். வேற ஒண்ணுமில்லை.” எழுந்து சமையலறைக்குப் போனாள். “அண்ணா பாத்துட்டாரான்னு கேளு.”

கேட்கவேண்டியிருக்கவில்லை. செர்லாயிலிருந்து ஞாயிறுதோறும் சாயங்காலக் காப்பிக்கு வரும் ராமபத்ரன், வீடியோ போட்ட மறுநாள் ஞாயிறு வந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் ஸ்ரீநாத்துக்கு உறைத்தது. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தான். அந்த வீடியோத் துண்டை யாரோ அங்கேயும் போட்டிருந்தார்கள். கீழே ஒருவர், ‘கங்கா உள்ளே போய் வந்தவள் மாதிரிச் சொல்கிறாளே, அப்போ ராமபத்ரன் அண்ணா பார்த்தார் என்றது?’ என்று கேட்டிருந்தார். ராமபத்ரன் குழுவிலிருந்து விலகியிருந்தார்.

கங்கா அண்ணன் வீட்டுக்குப் போன் செய்தாள். மன்னி ஜெயலக்ஷ்மிதான் எடுத்தாள். “தலைவலின்னு படுத்துண்டிருக்கார். சாயாவும் வேண்டாம்கறார். என்னண்டையே இத்தனை வருஷம் சொல்லலை பாரு கங்கா” என்றாள். கங்கா சரி சரி என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை இரண்டாவது எபிசோட். போடுவதா வேண்டாமா என்று ஸ்ரீநாத் ரிமோட்டோடு நின்றுகொண்டிருந்தான். கங்கா இஸ்திரி போட்ட புடவையில், தலைவாரி, பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். நாற்காலியை ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“போனை வை” என்றாள்.

“வேண்டாம்மா. இனிமே அது இல்லை.”

“வைடான்னா. இவ்வளவு பேர் பாக்கறாளே, அவாளுக்கு ஒண்ணு சொல்லணும்.”

அவன் போனைக் கண்ணெதிரே பிடித்தான். கங்கா முதுகை நிமிர்த்திக்கொண்டு, கடையிலும் பாங்கிலும் பேசும் சுத்தமான மலையாளத்தில் பேச ஆரம்பித்தாள். போன வாரம் செருப்பைப் பற்றிச் சொன்னதை எல்லோரும் ரசித்தீர்கள், சந்தோஷம் என்றாள். ஆனால் அது தன் அனுபவம் இல்லை, அண்ணன் பார்த்துத் தனக்குச் சொன்னது என்றாள்.

“அது ஞான் கண்டதல்ல. என்டெ சேட்டன் கண்டதாணு. சேட்டன் பறஞ்ஞு தந்நதாணு.”

சேட்டன் மனசுறுதி உள்ளவர் என்றும், அன்றைக்கு அவர் இல்லாவிட்டால் தங்கள் குடும்பம் நின்றிருக்காது என்றும் சொன்னாள். ஓரிடத்திலும் குரல் தடுமாறவில்லை. முடிவில் கைகூப்பினாள். அண்ணனை அவள் சேட்டன் என்று சொல்லி ஸ்ரீநாத் கேட்டதே இல்லை.

“சரியா வந்துதா?”

“வந்துதும்மா.”

“மொதல்ல அண்ணாவுக்கு அனுப்பு. அப்புறம் எல்லாரும் பாக்கற எடத்துல போடு. எழுத்து கிழுத்து போடாதே.”

அனுப்பினான். ராமபத்ரன் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. சற்று நேரம் கழித்து வாசலில் செருப்பு விடும் சத்தம் கேட்டது போல இருந்து கங்கா எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்கு யாரோ வந்திருந்தார்கள்.

ஸ்ரீநாத் இரண்டு போன்களையும் அணைத்து, அணைத்ததை அம்மாவிடம் காட்டி, அலமாரிக்குள் வைத்தான். பிறகு டிவியைப் போட்டான். கங்கா முறத்தை மடியில் எடுத்துக்கொண்டாள். புது இன்ஸ்பெக்டர் வந்தார், போனார். கணவனை இழந்த அந்தப் பெண் கிடங்கின் மரப்படியில் தனியாக ஏறினாள். மேலே இருட்டாக இருந்தது.

ஸ்ரீநாத் அம்மாவின் குரலுக்காகக் காத்திருந்தான். அம்மா, பழைய போன் ஒளிந்திருந்த பூச்சாடிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் கையில் இருந்ததை ஒடித்தாள்.

“விளக்கைப் போட்டுண்டு போகலாமோல்லியோ” என்றான் அவன், திரையைப் பார்த்து.

கங்கா நிமிரவில்லை. அந்தப் பெண் இருட்டுக்குள் போய்விட்டாள்.