நான்காவது நடைமேடைக்குத் தண்ணீர்

மண்டையைத் திறந்து மூளையைக் காற்று வாங்க விட்டபடியே நான் டாக்டரோடு அரட்டை அடித்திருக்கிறேன். அது மட்டுமா? அதற்கப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரை ரயிலில் வரவழைத்துக் குடித்திருக்கிறேன்.

சிரிக்காதீர்கள். ஆயுசு முழுக்க ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்தவன் நான். என் குரலைக் கேட்டு எஞ்சின் இல்லாத பெட்டியே நகர்ந்திருக்கிறது. இதையெல்லாம் நம்பாத ஜீவன் உலகத்தில் ஒன்றுதான்: என் மனைவியின் தம்பி. கடை கடையாகப் போய்த் தராசு சோதிக்கிற அதிகாரி. என் பேச்சையும் தட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, "அத்தான், இதுல முக்காவாசி காத்து" என்பான்.

அந்த வாய்க்குத்தான் ஆபத்து வந்தது. மூளையில் ஒரு கட்டி. பூசணிக்காய் அளவு. மச்சான் பட்டாணி என்பான். ஸ்கேன் படம் எடுத்தவர்களும் அவன் கட்சிதான்.

டாக்டரம்மா தன் தலையையே தொட்டுக் காட்டினார். "பார்க்கிறது பின்பக்கம். கை கால் அசைக்கிறது நடுவுல. பேச்சு இடது பக்கம், இங்க. கட்டி அதை ஒட்டி உட்கார்ந்திருக்கு. அதனால உங்களை முழிக்க வெச்சே எடுக்கப் போறேன். நீங்க பேசிட்டே இருக்கணும். நான் லேசா கரண்ட் வெச்சுத் தொடுவேன். எங்க பேச்சு நிக்குதோ, அங்க கத்தி போகாது."

மச்சான் எழுந்தே விட்டான். "இவர் பேச்சை நிறுத்துற இடம்னு ஒண்ணு இருக்கா டாக்டர்? கல்யாணமான நாள்லேருந்து எங்கக்கா அதைத்தான் தேடுறா!"

என் மனைவி சிரித்தாள். என் கையை மட்டும் விடவில்லை.

ஆபரேஷன் மேஜையில் வலிக்கவில்லை. உடம்பு முழுக்க வலியைத் தெரிவிக்கிற மூளைக்குத் தன் வலி தெரியாதாம்! ஓரிடத்தில் தொட்டார், என் வலது கை என்னைக் கேட்காமலே சலாம் போட்டது. நர்ஸ் படங்களைக் காட்டக் காட்ட, பூனை, சாவி, நாற்காலி என்று விளாசினேன், படத்துக்கொரு கதையோடு. அடுத்து ஒரு படம். குடை என்று தெரிகிறது. வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. கருவியை எடுத்ததும் "குடை!" என்று கத்தினேன்.

"இந்த இடத்துப் பக்கமே போக மாட்டேன்" என்று அங்கே குட்டிக் காகிதச் சீட்டு ஒன்றை வைத்தார் டாக்டரம்மா.

கட்டி போயிற்று. ஆனால் சுற்றிலும் வீக்கம். மறுநாள் ஒரு சொல்கூட வரவில்லை. "வீக்கம் வடிஞ்சா பேச்சு வந்துடும்னு நினைக்கிறேன்" என்றார். அந்த 'நினைக்கிறேன்' என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மச்சான் வந்தான். எனக்கு நாக்கு வறண்டது. ஜன்னலோரம் இருந்த தண்ணீர் ஜாடியைக் காட்டினேன், ஜன்னலைச் சாத்தினான். மறுபடி காட்டினேன், திரையை இழுத்துவிட்டான். பிறகு முகத்தைக் கோணிக்கொண்டு, "அத்தான், ஒரே ஒரு புளுகு விடுங்களேன். எடை போடாம நம்புறேன்" என்று அழுதான்.

பாவமாக இருந்தது. வாயைத் திறந்தேன். தானாகக் கிளம்பியது:

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு!"

ஒரு சொல் சிந்தாமல் முழு அறிவிப்பும் வந்தது. எதிர்க் கட்டில்காரர் செருப்பைத் தேடினார். வார்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றது.

டாக்டரம்மா ஓடி வந்தார். "புதுசா வாக்கியம் கட்டுற இடம்தான் இப்ப சுணங்கியிருக்கு. சொல்லிச் சொல்லிப் பழகினதுக்கு வேற வழி உண்டு. வண்டி பேருக்குப் பதிலா வேணுங்கிறதைச் சொருகிப் பாருங்க."

திக்கித் திணறிச் சொருகினேன். "தண்... தண்ணீர்... இன்னும் சற்று நேரத்தில் நான்காவது நடைமேடைக்கு வந்து சேரும்." என் கட்டில் நான்காவது.

வீக்கம் வடிந்தது. பேச்சும் வந்தது, வட்டியோடு.

நேற்று மச்சானின் சம்பந்திகளிடம் இதை அவிழ்த்துவிட்டேன். எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் தொண்டையைச் செருமினான்.

"பூசணிக்காய் பொய். பெட்டி நகர்ந்தது பச்சைப் பொய். ஆனா தண்ணி விஷயம் நடந்ததுங்க. ஓடிப்போய் ஊத்தினவன் நான்தான். நான் டம்ளரைக் கழுவிட்டு வர்றதுக்குள்ள, 'தாமதத்திற்கு வருந்துகிறோம்'னு அவரே சொல்லிட்டார்."