விடாத பிரேக்

பிரேக் பிடிக்கவில்லை என்று வருகிறவர்களைத்தான் மலைச்சாமி பார்த்திருக்கிறான். மலைமேல் நாயுடுபுரத்தில் பதினாறு வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். படுக்கை, அடுப்பு என்று ஒரு வீட்டையே வேனுக்குள் வைத்து ஓட்டிவந்த வெள்ளைக்காரர், கற்றுக்கொண்ட தமிழில் பெருமையாகச் சொன்னார்: "பிரேக் பிடிக்குது."

"பிடிக்கணும்ல தொர. அதுக்குத்தான பிரேக்கு," என்று அனுப்பிவைத்தான்.

வேன் நாலு வளைவு தாண்டவில்லை. பின்சக்கரம் புகைந்து சோலைமுத்துவின் ஷெட் முன்னால் நின்றது. சோலைமுத்து எழுபத்து மூன்றாம் வருஷம் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவன், ஷெட் போட்டு இரண்டு வருஷம்தான். லாரியை லொறி என்பான். அவன் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்து, "பிடிச்சது விடமாட்டேங்குது, அதானே தொர?" என்றானாம். ஊரே இதைச் சொல்லிச் சிரித்தது. மலைச்சாமிக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் சோலைமுத்துவே வந்தான். "அண்ணே, பிரேக் ஓஸு பைப்பு உள்ளுக்குள்ள ஊதிக் கெடக்கு. ஆயில் போகுது, திரும்பி வரமாட்டேங்குது. மிஷன் பள்ளிக்கூட வேனும் இதே கம்பெனிதானே, ஒங்ககிட்ட ஒண்ணு இருக்குமுங்களா?"

இருந்தது. பிரிக்காத கவரில், மேல் தட்டில். மிஷன் பள்ளி வண்டிகள்தான் மலைச்சாமிக்குச் சோறு போட்டன.

"இல்லப்பா," என்றான்.

சோலைமுத்து ஓஸ் கேட்டு மதுரைக்கு எழுதிப்போட்டான். வேன் அவன் ஷெட்டிலேயே கிடந்தது. சக்கரம் வைத்த வீட்டைப் பார்க்கப் பேத்துப்பாறையிலிருந்துகூட ஆள் வந்தது. வந்தவர்கள் வேனையும் பார்த்தார்கள், மெக்கானிக்கையும் பார்த்தார்கள். மலைச்சாமியின் மனைவி முருகம்மாளும் போய்வந்து, "அந்தத் தம்பி எம்புட்டுத் தன்மையா பேசுது," என்றாள்.

ஐந்தாம் நாள், மிஷன் ஜீப்பே அங்கே நிற்பதாகச் சேதி வந்தது. அந்த வேன் தொலைந்தால் போதும் என்று ஓஸைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"இனிமே பள்ளிக்கூட வண்டிய எல்லாம் ஒங்ககிட்டயே விட்டுர்றோம்," என்று மிஷன் டிரைவர் ஆண்டிச்சாமி சோலைமுத்துவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மலைச்சாமிக்கு பிரேக்கே தெரியலயாமுல்ல."

மலைச்சாமி ஓஸை நீட்டினான். கவரின்மேல் விரற்கடை தூசி. சோலைமுத்து அதைப் பார்த்தான், மலைச்சாமியின் முகத்தைப் பார்த்தான். பிறகு தூசியைத் தன் சட்டையிலேயே துடைத்துவிட்டு ஆண்டிச்சாமி பக்கம் திரும்பினான்.

"அஞ்சு நாளா தேடி அலைஞ்சு கொண்டாந்திருக்காருங்க அண்ணன். இவரு இல்லாட்டி இந்த வண்டி மலை எறங்காது. ஒங்க வண்டிய அவருகிட்டயே விடுங்க."

ஆண்டிச்சாமி யோசித்துவிட்டு ஜீப் சாவியை மலைச்சாமியிடம் கொடுத்தார். அவனும் வாங்கிக்கொண்டான். பிழைப்பு போகவில்லை. ஆனால் அன்று சோலைமுத்துவை வெறுத்த மாதிரி அவன் யாரையும் வெறுத்ததில்லை.