பயூமியின் கட்டைவிரல்

1

ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கசாப்புக் கடையின் மரத்தூளில் கிடைத்தது. வால்கறி வாங்கப் போயிருந்தேன். வெட்டுக்கட்டைக்குக் கீழே இளஞ்சிவப்பாக ஒரு மாத்திரை, எச்சிலில் ஊறிக் கிடந்தது. கடை என் அண்ணன் பயூமியுடையது. மாத்திரையும் அவனுடையதுதான்.

முதலில் வேறு மாதிரித்தான் தொடங்கினேன்: "அலெக்சாந்திரியாவின் கடற்காற்று அன்று என்னவோ..." சே. கடற்காற்றுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அடித்துவிட்டேன்.

2

குளிர்காலத்தில் அண்ணனுக்கு மாரடைப்பு வந்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்த டாக்டர், ஒரு வருஷத்துக்கு இதை ஒரு நாள்கூட விடக் கூடாது, விட்டால் ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டி ஆளையே கொண்டுபோய்விடும் என்றார். அண்ணன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான்.

கசாப்புக்காரன் விரலில் கீறல் விழாத நாள் உண்டா? முன்பெல்லாம் விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு வேலையைப் பார்ப்பான். மாத்திரை தொடங்கிய பிறகு ரத்தம் லேசில் நிற்பதில்லை. ஒரு நாள், ஹஜ்ஜுக்குப் போய்வந்த எங்கள் தெருப் பெரியம்மா ஹஜ்ஜா ரவ்ஹிய்யா கேட்ட ஈரலின் மேல் சொட்டிவிட்டது. அந்தம்மா பொட்டலத்தை நகர்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டார். மனுஷ ரத்தம் பட்ட கறி எங்களில் யாருக்கும் தொண்டையில் இறங்காது. அதற்குள் தியாகப் பெருநாள் வேறு நெருங்கிவிட்டது. தெருவே அவனை வாசலுக்குக் கூப்பிட்டு ஆடு அறுக்கும் நாள்.

மாத்திரையை எடுத்துக் காட்டிக் கேட்டேன்.

"பெருநாள் முடியட்டும் புள்ள," என்றான். "குர்பானிக் கறியில என் ரத்தம் சொட்டுனா, இந்தத் தெருவுல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடக்கறது?"

"மூஞ்சி இருக்கணும்னா மொதல்ல நீ இருக்கணும் அண்ணே."

"எழுதறவளாச்சே, உனக்கு எல்லாமே வசனம்தான்."

நான் விடவில்லை. கடைசியில், இன்றிலிருந்து ஒழுங்காகப் போடுகிறேன் என்று மகள் தலைமேல் சத்தியம் செய்தான். (அதே மகள் தலைமேல் சத்தியம் செய்துதான் சிகரெட்டையும் விட்டான். இன்னும் விட்டுக்கொண்டே இருக்கிறான்.)

3

இங்கே எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம். இன்ஷிராஹ், என் அண்ணி. தினமும் காலையில் மாத்திரையைத் தன் கையாலேயே அவன் நாக்கில் வைக்கிறாள். அவன் அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கடைக்குப் போய்த் துப்புகிறான். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இதுகூடவா தெரியாது?

அவளிடம் சொல்லலாமே என்பீர்கள். சொன்னேன். "நானே ஊட்டி விடறேன், எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தாள். அண்ணனும் வாயை ஆவென்று திறந்து காட்டினான். சுத்தமாக இருந்தது. கன்னத்துக்குள் விரலை விட்டா தேட முடியும்?

(அண்ணி மாத்திரையைப் பொடித்து அவனுடைய மொச்சை மசியலில் கலந்துவிடுவதாக ஒரு பத்தி எழுதினேன். அப்படி நடந்தால் தேவலையே என்ற ஆசையில் எழுதியது. அதையும் அடித்துவிட்டேன்.)

4

பெருநாள் காலை. முதல் ஆடு ஹஜ்ஜா ரவ்ஹிய்யாவுடையது. பெரிய மனசு பண்ணி அவனையே கூப்பிட்டிருந்தார். அறுத்தாயிற்று, தோலும் உரித்தாயிற்று. தொடையைப் பிரிக்கும்போது கத்தி எலும்பில் வழுக்கிக் கட்டைவிரலில் இறங்கியது.

அண்ணன் துள்ளிப் பின்னால் போனான். கறியில் படவில்லை, சட்டையில்தான். அண்ணி ஓடிவந்து ஒரு துணியைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். யா ரப்பே, நிற்கட்டும், நிற்கட்டும் என்று வாசலே முணுமுணுத்தது.

நான் மட்டும், ரத்தம் நிற்கக் கூடாது என்று வேண்டினேன். கூடப் பிறந்தவனின் ரத்தம் நிற்காமல் ஓட வேண்டும் என்று கேட்ட பாவி நான் ஒருத்திதான் இருப்பேன். ஓடினால் மாத்திரை உள்ளே போகிறது. சட்டென்று நின்றால், சத்தியம் செய்த பிறகும் துப்பிக்கொண்டுதான் இருக்கிறான் என்று அர்த்தம். இதெல்லாம் ஒரு சோதனையா என்று டாக்டர் சிரிப்பார். சிரிக்கட்டும், என் கையில் வேறு என்ன இருக்கிறது?

5

ஒரு முடிவு: துணியை எடுக்கிறார்கள், ரத்தம் நின்றுவிட்டது. மாஷா அல்லாஹ் என்கிறது தெரு. ஹஜ்ஜா கறியை மனநிறைவோடு வாங்கிக்கொள்கிறார். அண்ணி அவன் கையை முத்தமிடுகிறாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

இன்னொன்று: துணி தொப்பலாக நனைந்திருக்கிறது. ஹஜ்ஜா வேறு ஆளைக் கூப்பிடுகிறார். அண்ணன் படியில் உட்கார்ந்து என்னை வாய்க்கு வந்தபடி திட்டுகிறான். நான் தெரு முழுக்க மிட்டாய் கொடுக்கிறேன்.

மூன்றாவதாக, மார்பைப் பிடித்துக்கொண்டு அவன்

இல்லை. இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை.

எழுதியது இவ்வளவுதான். அண்ணி இன்னும் துணியை அழுத்தியபடி நிற்கிறாள். அண்ணன் எல்லோரையும் பார்க்கிறான், என்னை மட்டும் பார்க்கவில்லை.

அந்தத் துணியைப் பிரிக்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் பிரித்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் எனக்குச் சத்தமாகச் சொல்லுங்கள். காய்ந்திருந்தால் என்னிடம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். முதலில் அவனைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றுங்கள்.